மாடத்து விளக்கும் மாணவர் பெட்டியும்

மரத்தில் புடைப்புச் சிற்பம் செதுக்குபவர் தம் வேலையின் ஆழத்தை அளந்தறிய ஒளியைப் பக்கவாட்டில் வாங்கிப் பார்ப்பார். நேரே விழும் வெளிச்சத்தில் அரை விரற்கடைப் பள்ளமும் கால் விரற்கடைப் பள்ளமும் ஒன்றுபோலவே தோன்றும். பலகையைச் சற்றே சாய்த்துச் சாளரத்துப் பக்கமாகத் திருப்பினால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் பிறக்கும். எந்த இதழ் தடித்திருக்கிறது, எந்தக் கொடி இன்னும் மெலிய வேண்டும் என்பதை அந்நிழலே சொல்லிவிடும். உளி மரத்தைத்தான் வெட்டுகிறது. ஆயின் கண்ணுக்கு வந்து சேர்வது வெளிச்சமும் நிழலுமேயன்றோ!

இந்த எண்ணம் நமக்குக் கள்ளக்குறிச்சியை நினைக்குந்தோறும் எழுவதுண்டு. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமான இவ்வூரும், இதனையடுத்த சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களும் மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்றவை. 2021-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. அச்சிற்பங்களில் பெரும்பாலானவை கோயில்களுக்கும் வழிபாட்டிற்கும் உரியவை. அவை நம் மார்க்கத்திற்கு உரியவையல்ல. எனினும் அவற்றைச் செய்யும் கைகள் ஒளியைப் பற்றி அறிந்து வைத்திருக்கும் உண்மைகள் எல்லார்க்கும் பொதுவானவை. அவ்வுண்மைகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடமாக்க முடியுமா? பல நாடுகளிலும் கலைக்கூட மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தரப்படுகிறது. ஒரே வெளிச்சத்தை மரம், காகிதம், கண்ணாடி, துணி, உலோகம், நீர் எனப் பல பொருள்களின் மேல் விழச் செய்து, ஒவ்வொன்றும் அதை எவ்வாறு ஏற்கிறது என்று பார்த்துப் பதிவு செய்வதே அது. அப்பயிற்சியின் தாய்வேராக விளங்கும் ஒரு மாணவர் படைப்பை எடுத்துக்கொண்டு அதன் நிறைகுறைகளை ஈண்டு ஆராய்வோம்.

சிக்காகோவில் ஒரு பெட்டி

ஜெர்மனியின் வைமர் நகரில் 1919-ஆம் ஆண்டு பவ்ஹவுஸ் என்னும் கலைக்கூடம் தோன்றியது. பொருளைத் தொட்டும் தூக்கியும் மடித்தும் அறிந்த பின்னரே மாணவன் எதையும் படைக்கத் தொடங்க வேண்டும் என்பது அதன் தொடக்கப் பாடத்தின் கொள்கை. இக்கூடத்தின் கலைஞர்கள் தீட்டியவையும் மாணவர்களின் படைப்புகளும் 1922 டிசம்பரில் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன என்பதை நம்மவர் பலர் அறியார். 1933-ஆம் ஆண்டில் நாஜிகளின் நெருக்கடியால் கூடம் மூடப்பட்டது. அங்கே பணியாற்றிய ஆசிரியர்கள் பல நாடுகளுக்கும் சிதறினர்.

அவர்களுள் ஒருவர் ஹங்கேரி நாட்டினரான லாஸ்லோ மொஹோலி-நாட்ஜ். உலோகத் தகடுகளையும் துளையிட்ட தட்டுகளையும் ஒளி ஊடுருவும் பொருள்களையும் ஒன்றாகச் சேர்த்து, மோட்டாரால் சுழலவிட்டு, அவை வீசும் நிழல்களையே கலையாக்கிய ஒரு பொறியை 1930-இல் பாரிசில் காட்டியவர் அவர். 1937-இல் சிக்காகோவில் ‘புதிய பவ்ஹவுஸ்’ என்ற பள்ளியைத் தொடங்கி நடத்தினார். பணமுடையால் அது மறு ஆண்டே மூடப்பட்டது. 1939-இல் வேறு பெயரில் மீண்டும் எழுந்தது.

அந்த முதல் ஆண்டின் மாணவர்களுள் நேதன் லெர்னர் என்ற இளைஞரும் இருந்தார். சிக்காகோ நகரத்துத் தெருச்சந்தையைப் படம் பிடித்துப் பழகியவர் அவர். தெருவில் வெளிச்சம் நம் சொல்லைக் கேட்பதில்லை. மேகம் வந்தால் மங்கும், வண்டி வந்தால் மறையும். வெளிச்சத்தை நம் கைக்குள் கொண்டுவந்து ஆராய வழியுண்டா என்று எண்ணிய அவர் ஒரு பெட்டியைச் செய்தார். ஒரு பக்கம் பார்ப்பதற்குத் திறப்பு. மற்றப் பக்கங்களில் பல துளைகள். துளைகளின் வழியே குச்சிகளைச் செருகலாம், நூலில் பொருள்களைத் தொங்கவிடலாம், வேண்டிய திசையிலிருந்து வேண்டிய அளவு ஒளியை உள்ளே விடலாம். ‘ஒளிப்பெட்டி’ எனப்பட்ட இது, பின்னர் அப்பள்ளியின் பாடத்திட்டத்திலேயே இடம் பெற்றது. முட்டைகளையும் ஒரு பெட்டியையும் வைத்து அவர் 1938-இல் எடுத்த புகைப்படம் இன்றும் பேசப்படுகிறது.

ஒரு மாணவன் செய்த பெட்டி, பிற மாணவர்களுக்குப் பாடமானது. கலைக்கல்வி வரலாற்றில் இது அடிக்கடி நிகழ்வதன்று.

பெட்டியின் நிறை

இப்படைப்பின் முதற்சிறப்பு, அது நம் கண்ணின் சோம்பலைப் போக்குவதாகும். முட்டை என்றவுடன் நாம் அதைப் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் பார்ப்பதில்லை, பெயரை மட்டும் நினைவுகூர்கிறோம். பெட்டிக்குள் வைத்த முட்டையோ ஒரு பக்கம் வெள்ளையாகவும், நடுவில் சாம்பலாகவும், அடிப்பக்கம் கருமையாகவும், அக்கருமைக்குள்ளும் தரையிலிருந்து திரும்பி எழும் மெல்லிய வெளிச்சத்தைத் தாங்கியதாகவும் நிற்கிறது. முட்டை மாறவில்லை, அதன்மேல் ஒளி வீசும் திசைதான் மாறுகிறது.

இரண்டாவது சிறப்பு, ஒளி தனித்துக் காணப்படுவதில்லை என்ற உண்மையை அது கைவேலையாகக் காட்டுவது. வெற்றுப் பெட்டியின் ஒரு துளை வழியே ஒளியைச் செலுத்தி மறுதுளை வழியே வெளியே விட்டால், பக்கத்திலிருந்து நோக்குவோர்க்கு உள்ளே இருள்தான். சிறிது சாம்பிராணிப் புகையை உள்ளே விட்டதும் ஒளிக்கற்றை கோலூன்றியதுபோல் எழுந்து நிற்கும். தன்னை ஏற்றுத் திருப்பி அனுப்பும் ஒன்று இல்லாதவரை ஒளி நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆகவே ஒளியைப் படிப்பதென்பது, அதை ஏற்கும் பொருளைப் படிப்பதேயாகும்.

மூன்றாவதாக, இப்பயிற்சிக்கு வரையும் கைத்திறன் தேவையில்லை. ‘எனக்குப் படம் போட வராது’ என்று பின்வாங்கும் பிள்ளையும் இதில் முதல்வனாக வரலாம். உற்று நோக்கும் பொறுமை ஒன்றே இங்குக் கேட்கப்படும் கட்டணம்.

இப்னுல் ஹைஸம் வகுத்த பட்டியல்

இவையெல்லாம் மேனாட்டார் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடலாகாது. பஸராவில் சுமார் 965-இல் பிறந்து, கெய்ரோவில் சுமார் 1040-இல் மறைந்த இப்னுல் ஹைஸம், இப்பெட்டியை விடப் பெரிய பெட்டி ஒன்றில் ஆராய்ச்சி நடத்தினார். இருண்ட அறையே அவருடைய பெட்டி. அறைக்கு ஒரு துளை. துளைக்கு வெளியே வரிசையாகப் பல விளக்குகள். ஒவ்வொரு விளக்குக்கும் எதிரே உள்சுவரில் ஒரு தனி ஒளிப்பொட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது; திரையை நீக்கியதும் அதே இடத்தில் மீண்டும் தோன்றியது. ஒரே துளை வழியே நுழைந்தும் ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பவில்லை என்பதை அவர் இவ்வாறு மெய்ப்பித்தார்.

அவருடைய ‘கிதாபுல் மனாளிர்’ கண்ணையும் ஒளியையும் பற்றிய விஞ்ஞான நூலாகவே பெரிதும் பேசப்படுகிறது. கலை விமரிசனத்திற்கும் அதில் அடித்தளம் உண்டு என்பது கருதத்தக்கது. பார்வையால் அறியப்படும் பண்புகள் இருபத்திரண்டு என்று அவர் வகுத்துரைத்தார். ஒளி, நிறம், தொலைவு, வடிவு, அளவு என்று செல்லும் அப்பட்டியலில் சொரசொரப்பும் வழவழப்பும், ஊடுருவக் காட்டலும் மறைத்தலும், நிழலும் இருளும் தனித்தனிப் பண்புகளாக இடம் பெறுகின்றன. அழகும் அவற்றுள் ஒன்று. பிற பண்புகள் தனித்தும் ஒன்றோடொன்று பொருந்தியும் அழகைத் தோற்றுவிக்கின்றன என்பது அவர் கண்ட முடிபு. நிழலும் இருளும் ஒன்றல்ல என்று பிரித்தறிந்த அக்கூர்மையை என்னென்பது! ஓர் ஒளி மறைக்கப்பட்ட இடத்தில் வேறோர் ஒளி விழுந்துகொண்டிருந்தால் அது நிழல்; எந்த ஒளியும் இல்லாதது இருள். லெர்னரின் முட்டைப் படத்தில் நாம் கண்டு வியக்கும் நயம் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

அவருக்குப்பின் வந்த கமாலுத்தீன் ஃபாரிஸி கண்ணாடிக் கோளத்தில் நீரை நிரப்பி, அதையே பெரியதொரு மழைத்துளியாகக் கொண்டு வானவில்லின் காரணத்தை ஆராய்ந்தார். இவர் 1319-ஆம் ஆண்டளவில் மறைந்தவர். ஒளியை அறியப் பொருளைக் கையிலெடுப்பது நம் முன்னோரின் நெறியாக இருந்தது என்பதற்கு இன்னும் சான்று வேண்டுமோ?

பெட்டியின் குறை

இனி, குறைகளையும் கூறுவதே விமரிசன நேர்மை.

ஒளிப்பெட்டி தன் விளைவைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படமாகவே தந்தது. பித்தளையின் மஞ்சளும் மரத்தின் செம்மையும் அங்கே ஒரே சாம்பலாகிவிடுகின்றன. இது அக்காலத்துக் கருவியின் குறை. அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

அதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. பெட்டிக்குள் சென்ற பொருள் தன் ஊரை இழந்துவிடுகிறது. அங்கே மரம் என்பது ஒரு ‘பரப்பு’. காகிதம் மற்றொரு ‘பரப்பு’. அம்மரம் எந்தக் காட்டில் வளர்ந்தது, எவர் கைபட்டு வழவழப்பாயிற்று, ஏன் அதன் ஓரம் கறுத்திருக்கிறது என்ற வினாக்களுக்குப் பெட்டியில் துளையில்லை. மொஹோலி-நாட்ஜின் பாடத்தில் தொட்டுணரும் பயிற்சிகள் இருந்தன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அங்கும் தொட்டது பொருளின் தோலைத்தான், அதன் வரலாற்றை அன்று. ஆலைநகரில், ஆலைகளுக்கு வேண்டிய வடிவமைப்பாளரை உருவாக்க எழுந்த பள்ளிக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கலாம். நமக்குப் போதாது.

பெட்டியின் விளக்கு மாறாதது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சூரியனோ நகர்ந்துகொண்டேயிருக்கிறது. ஐவேளைத் தொழுகையின் நேரங்களை வெயிலும் நிழலும் அந்தியும் கொண்டு கணித்து வாழ்ந்த சமுதாயம் நம்முடையது. நிழலின் நீளம் பார்த்து அஸரை அறிந்த மக்களின் பிள்ளைகளுக்கு, நகரும் வெளிச்சத்தை ஒதுக்கிவிட்டு ஒளியைக் கற்பிப்பது பாதிப் பாடமேயாகும்.

கல்வராயன் அடிவாரத்தில் இதே பயிற்சி

ஆகவே இப்பெட்டியைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். உள்ளே எவற்றை வைப்பது? அங்காடியில் விற்கும் பளபளப்புத் தாள்களைத் தேட வேண்டியதில்லை.

வாகை மரத்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் வெளிப்புற வெளிறு வெளுத்தும், உள்ளிருக்கும் வைரம் கரும்பழுப்பாகவும் இருக்கும். ஒரே மரத்தின் ஒரே துண்டு, ஒரே விளக்கின் ஒளியை இரண்டு விதமாக ஏற்கிறது. நார் ஓடும் போக்கில் இழைத்த பக்கம் பட்டுப்போல் மினுங்கும். குறுக்கே அறுத்த பக்கமோ மங்கிக் கிடக்கும். குறுக்கு வெட்டில் நுண்துளைகளின் வாய்கள் திறந்திருக்கின்றன. ஒளி அவற்றுள் புகுந்து திரும்பி வரும் வழியறியாது அடங்கிவிடுகிறது. ஒரு துளி எண்ணெய் தடவினால் நிறம் ஆழ்ந்து, வரிகள் எழுந்து வருகின்றன. மேற்பரப்பின் சிறு பள்ளங்களை எண்ணெய் நிரப்பி, ஒளி அங்கே சிதறிப்போவதைத் தடுப்பதே காரணம். இச்செய்தியை விஞ்ஞான மொழியில் சொல்லாவிடினும், மெருகேற்றும் வேளையில் தச்சரின் கை இதை அறிந்தே இயங்குகிறது.

கல்வராயன் மலை தரும் கடுக்காய் அடுத்த பொருள். கடுக்காய்ச் சாற்றில் நனைத்த வெள்ளைத் துணி இளமஞ்சளாக நிற்கும். அன்னபேதியோ இரும்புத் துருவின் நீரோ பட்டால் அம்மஞ்சள் கறுக்கும். பழைய எழுத்து மைகளுள் சிலவும் இவ்வழியில் பிறந்தவையே. ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளை, ஒளியை விழுங்கும் கறுப்பாக மாறுவதை ஒரு பிள்ளை தன் கண்ணெதிரே காணலாம். கறுப்பு என்பது கடையில் புட்டியில் விற்கும் சாயம் மட்டுமன்று. ஒரு மலைக்காயும் சிறிது இரும்பும் சந்தித்த இடம் அது என்று அப்பிள்ளை அறிந்துகொள்ளும்.

மூன்றாவது, கல்வராயனில் பிறந்து கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்கும் கோமுகி ஆற்றின் நீர். கண்ணாடிக் குவளையில் அந்நீரை ஊற்றி ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால் அது முறிந்ததுபோல் தோன்றும். இவ்வட்டாரம் கரும்பு விளையும் பூமி. ஆதலால் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. குவளையின் அடியில் கெட்டியான சர்க்கரைப் பாகும் மேலே வெறும் நீரும் கலங்காமல் நிற்குமாறு செய்து பார்த்தால், குச்சி இன்னோரிடத்திலும் முறியும். பாகு நீரை விட மிகுதியாக ஒளியை வளைப்பதே அதற்குக் காரணம்.

நான்காவதற்குப் பெட்டியே வேண்டா. ஏறத்தாழ 1,095 சதுரக் கிலோமீட்டர் பரந்த கல்வராயன் மலையில், மரங்களின் கீழே கிடக்கும் நிழலே போதும். அடர்ந்த இலைகளின் இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழும் வெயிற்பொட்டுகள் வட்டமாகவே இருப்பதை நோக்கியிருக்கிறீர்களா? ஒவ்வொரு பொட்டும் சூரியனின் பிம்பம். இலையிடுக்கே இப்னுல் ஹைஸத்தின் துளை. காட்டின் தரையே அவருடைய சுவர். 2019 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் தமிழகத்தின் தென்பகுதியில் வளைய சூரிய கிரகணம் தோன்றியபோது, இப்பகுதிக்குச் சூரியன் பிறையாகத் தேய்ந்தது. அத்தகைய வேளையில் மரத்தடியிலுள்ள வட்டங்கள் யாவும் பிறைகளாகிவிடும். ஒரு புளிய மரத்தடியில் நூற்றுக்கணக்கான பிறைகள்! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் மகனார் இப்றாஹீம் மறைந்த நாளில் கிரகணம் தோன்றியபோது, அது எவருடைய மரணத்திற்காகவும் நிகழ்வதன்று என்று மக்களைத் தெளிவித்துத் தொழுகையின்பால் அழைத்தார்கள். அவ்வழி வந்த நாம், அச்சமின்றித் தொழுதபின் மரத்தடிக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டியிருக்கலாமன்றோ?

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்கு இவற்றுட் பலவற்றை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. எந்த மரத்தின் நிழல் அடர்ந்தது, எந்தக் காய் எப்போது கறுக்கும் என்பதை அவர்கள் நமக்குச் சொல்லுவார்கள். ஊர்ப்பிள்ளை விளக்கைப் பிடிக்க, மலைப்பிள்ளை பொருளைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்லும் வகுப்பறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். சிக்காகோப் பெட்டியில் இல்லாத துளை அங்கே திறக்கும்.

ஓவிய வகுப்பில் ஒதுங்கிய பிள்ளைகள்

இவ்வளவும் நாம் கூறியது கலையார்வத்தால் மட்டுமன்று. நம் குடும்பங்களைத் தொடும் செய்தி ஒன்று இதில் உண்டு.

நாம் படித்த பள்ளியில் ஓவிய வகுப்புக்கு மணியடித்ததும் நம் பிள்ளைகள் சிலர் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். உருவம் வரையலாகாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். வீட்டார் மீது குற்றமில்லை. உயிருள்ளவற்றின் உருவம் தீட்டுவதைப் பற்றி ஹதீஸ்களில் வந்துள்ள எச்சரிக்கையை அவர்கள் பொருட்படுத்தினார்கள். ஆசிரியரோ வேறொன்றைத் தந்து பார்க்க முன்வரவில்லை. அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் நல்ல கண் படைத்தவர்களாயிருந்தனர் என்பதை எவரும் சோதித்ததில்லை. ஆண்டுக்கணக்கில் அந்த மணி நேரம் அவர்களுக்கு வெறுமையாகக் கழிந்தது.

இது வேண்டாத இழப்பு. தம்மிடம் வந்த ஓர் ஓவியருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. தடுத்ததோடு நில்லாமல் அவர்கள் ஒரு வாயிலையும் திறந்து காட்டினார்கள். அவ்வாயிலை நாம் ஏன் சாத்தி வைத்தோம்? புகைப்படம் பற்றியும் உருவங்கள் பற்றியும் ஆலிம்களிடையே உள்ள கருத்து வேற்றுமைகளை இங்குத் தீர்த்து வைக்க நாம் முற்படவில்லை. அது நம் தகுதிக்கு அப்பாற்பட்டது. மரத்துண்டின் மேலும் நீர்க்குவளையின் மேலும் விழும் வெளிச்சத்தைப் பார்ப்பதில் எவருக்கும் ஐயமெழ இடமில்லை என்பதே நம் வாதம். உருவமின்றியே கலையின் அடிப்படைகள் அனைத்தையும் கற்பிக்கும் பயிற்சி ஒன்று கையருகே இருக்கையில், பேணுதலின் பெயரால் பிள்ளையின் கண்ணைக் கட்டி வைப்பது பேணுதலாகாது.

மாடம் அறியாதவர் விளக்கை அறிவாரோ?

மற்றொரு குறையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘நூர்’ என்ற சொல்லை நாம் எத்தனை இடங்களில் வழங்குகிறோம்! பிள்ளைகளுக்குப் பெயராக, கடைகளுக்குப் பெயராக, நூல்களுக்கும் இதழ்களுக்கும் பெயராக வழங்குகிறோம். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் பெருமானாரின் பேரொளி தலைமுறை தலைமுறையாக வந்த வரலாற்றைத் தலைமுறைப் படலத்தில் விரித்துப் பாடுகிறது. நம் மேடைப் பேச்சுகளில் ஒளியின்றி ஒரு வாக்கியம் முடிவதில்லை. ஆயினும் கண்முன் விழும் வெளிச்சத்தை நின்று பார்த்த நேரம் நம் வாழ்வில் எவ்வளவு?

திருமறையின் நூர் அத்தியாயத்து 35-ஆம் வசனத்தைச் சிந்திப்போம். அங்கே உவமையாக வருபவை எவை? மாடம், விளக்கு, கண்ணாடி, ஒலிவ எண்ணெய். வானத்துச் சூரியனை நேரே உவமையாக்காமல், ஒரு வீட்டுச் சுவரில் கண்டு பழகிய பொருள்களை அடுக்கி அவ்வசனம் செல்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ஞான நூல் ஒன்றுக்கு ‘மிஷ்காத்துல் அன்வார்’, அதாவது ஒளிகளின் மாடம், என்று பெயரிட்டதும் இவ்வசனத்தை ஒட்டியே. அதன் உட்பொருள் அளவிடற்கரியது. அதை நாம் பௌதிகப் பாடமாகச் சுருக்கத் துணியோம். ஆனால் உவமையைப் படிப்பவர்க்கு உவமைப் பொருள் தெரிந்திருக்க வேண்டுமன்றோ?

முன்னாளில் தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் மாடக்குழி இருந்தது. மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்திருந்ததால் காற்றில் சுடர் அலைவதில்லை. சுண்ணாம்பு பூசிய உட்சுவர் சுடரின் ஒளியைச் சிதறவிடாமல் முன்புறமாகத் திருப்பி அனுப்பியது. சிறு சுடர் தன் அளவை மீறிய வெளிச்சம் தந்ததற்கு மாடமே காரணம். கண்ணாடியும் வந்து சேர்ந்தால் சுடர் இன்னும் அமைதி பெறும். எண்ணெயின் தூய்மையோ சுடரின் தூய்மையாக வெளிப்படும். மின்விளக்கு வந்தபின் கட்டிய வீடுகளில் மாடக்குழி இல்லை. ‘மிஷ்காத்’ என்றால் மாடம் என்று ஓதிக்கொடுக்கும் ஆசிரியர், மாடம் என்றால் என்ன என்பதையும் இன்று விளக்க வேண்டியிருக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருள் கூறிச் செல்கிறோம். பொருளுக்குப் பொருள் காட்டுவாரில்லை.

ஆகவே சிக்காகோ மாணவரின் பெட்டியை நாம் பாராட்டுவதும் திருத்துவதும் இந்த ஒரு நோக்கத்தோடுதான். ஒளி தன்னை ஏற்கும் பொருளில்தான் நமக்குப் புலனாகிறது. பொருளையும் அதைப் பண்படுத்திய கையையும் அறியாதவருக்கு ஒளியைப் பற்றிய பேச்சு வெறும் பேச்சாகவே நின்றுவிடும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. காலணி வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைப் படுக்கவைத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, மேலும் பக்கங்களிலும் சில துளைகள் இடுங்கள். உள்ளே ஒருமுறை வெள்ளைத் தாளும் மறுமுறை கறுப்புத் துணியும் ஒட்டிப் பாருங்கள். மாடத்துச் சுவரின் பணி விளங்கும். மரத்துண்டு, பித்தளைக் குவளை, நீர், பருத்தித் துணி ஆகியவற்றை ஒவ்வொன்றாக வையுங்கள். ஒரு தாளில் எண்ணெய் தடவி விளக்குக்கு முன்னே பிடியுங்கள். காகித நாரும் எண்ணெயும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒளியை வளைப்பவை. ஆதலால் நாரிடுக்குகளில் சிதறிக்கொண்டிருந்த ஒளி நேரே கடந்து வந்து தாளை ஒளிரச் செய்யும். ஒவ்வொரு நாளும் கண்டதை இரண்டு வரியில் எழுதிவைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அப்பொருள் எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்பதையும் விசாரித்து மூன்றாவது வரியாக எழுதச் சொல்லுங்கள். சிக்காகோப் பள்ளி எழுதச் சொல்லாத வரி அதுவே.

கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் தியாகதுருகத்திலும் வாழும் நம் குடும்பத்தார் இன்னொன்றும் செய்யலாம். மரவேலை செய்யும் அண்டை வீட்டாரிடம் பிள்ளையை அழைத்துச் சென்று, பலகையை அவர் எந்தப் பக்கமாகச் சாய்த்துப் பார்க்கிறார் என்று கவனிக்கச் சொல்லலாம். அவர் செதுக்குவது நம் வழிபாட்டிற்கு உரியதன்று என்பதைப் பிள்ளை அறியும். சாளர வெளிச்சத்தை மரம் எப்படி வாங்குகிறது என்பதை அவரிடம் கற்றுக்கொள்வதில் தாழ்வொன்றுமில்லை. அடுத்த முறை ஓவிய வகுப்புக்கு மணியடிக்கும்போது அப்பிள்ளை கடைசிப் பெஞ்சுக்குப் போகாமல், ஒரு மரத்துண்டும் ஒரு கைவிளக்குமாக முன்வரிசையில் அமரட்டும். அதற்கு இடம் தருமாறு ஆசிரியரிடம் கேட்கும் பொறுப்பு பெற்றோராகிய நம்முடையது.